‘ரீ-அப்பியரன்ஸ்’ வந்தால் முதலில் விடைத்தாள் நகலை வாங்கு

கேள்வி: அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி ஒன்றில் டிரிபிள் இ (மின், மின்னணுப் பொறியியல்) மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பவர் சிஸ்டம் அனாலிசிஸ் பேப்பரில் இன்டர்னல் (கல்லூரி போடும் அகமதிப்பீடு) 40-க்கு 32. பரீட்சையும் நன்றாகத்தான் எழுதினேன். ரிசல்ட்டில் ‘ரீ-அப்பியரன்ஸ்’, அதாவது மறுபடி எழுத வேண்டும் என்று வந்திருக்கிறது. “யுனிவர்சிட்டியோடு மோதாதே, அரியர் எழுதி பாஸ் பண்ணு” என்கிறார் எங்கள் துறைத் தலைவர். சீனியர் மூலம் அறிமுகமான ஒருவர், பணம் கொடுத்தால் ரீவேல்யுவேஷனில் (மறுமதிப்பீட்டில்) பாஸ் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். அப்பா விசைத்தறித் தொழிலாளி. வீட்டில் ஏற்கெனவே கடன். நான் என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத மாணவி, நாமக்கல் மாவட்டம்

அன்பு மகளே,

துறைத் தலைவர் சொன்னதையும் அந்த ஆள் சொன்னதையும் இப்போதைக்கு ஒதுக்கி வை. இரண்டு பேருமே உன் விடைத்தாளைப் பார்க்கவில்லை. திருத்திய பிறகு நீயும் பார்க்கவில்லை. அதனால் முதல் வேலை, நகல் வாங்குவது.

ஏன் என்று சொல்கிறேன். இன்டர்னலுக்கு 40 என்றால் நீ 2021 விதிமுறையில் படிக்கிறாய். அதில் மொத்தமாக 50 எடுத்தால் மட்டும் போதாது; பல்கலைக்கழகத் தேர்வில் தனியாக 45 சதவீதம் எடுத்தாக வேண்டும். பரீட்சையில் 100-க்கு 44 வந்திருக்கிறது என்று வைத்துக்கொள். அதை 60-க்கு மாற்றினால் 26.4. உன் 32-ஐச் சேர்த்தால் 58-ஐத் தாண்டுகிறது. அப்படியும் ‘ரீ-அப்பியரன்ஸ்’தான். கிரேடை மட்டும் பார்த்தால், போனது ஒரு மார்க்கிலா இருபது மார்க்கிலா என்று தெரியாது. ஒரு மார்க் என்றால் போராடலாம். இருபது என்றால் யோசிக்க வேண்டும்.

நகலுக்குக் கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அவகாசம் குறைவு, இன்றே கல்லூரி அலுவலகத்தில் கடைசித் தேதியைக் கேள். நகலுக்கு விண்ணப்பிக்காதவர் மறுமதிப்பீடு கேட்க முடியாது. மறுமதிப்பீட்டுக்குப் போகாதவர் அதன் பிறகு உள்ள ‘ரிவ்யூ’வும் (மறுமதிப்பீட்டிலும் திருப்தி இல்லாதவர் கேட்கும் மறு ஆய்வு) கேட்க முடியாது. இந்த வரிசை தெரியாமலே வாய்ப்பை விட்டுவிடும் பிள்ளைகளை நினைத்தால் மனசு ஆறவில்லை.

நகல் வந்ததும் கோபத்தோடு படிக்காதே, பென்சிலோடு படி. இரண்டு மார்க் கேள்விகள் பத்து, 13 மார்க் கேள்விகள் ஐந்து, 15 மார்க் கேள்வி ஒன்று. ஒவ்வொன்றுக்கும் உள்ளே போட்ட மார்க் முன்பக்கக் கட்டத்தில் ஏறியிருக்கிறதா என்று பார். கூட்டலைச் சரிபார். கடைசிப் பக்கங்களில் ஏதாவது பதில் திருத்தப்படாமல் விடுபட்டிருக்கிறதா பார். 12-அ எழுதிவிட்டு 12-ஆ என்று எண் போட்டிருக்கிறாயா என்றும் பார், அவசரத்தில் நடப்பதுதான். அது உன் தவறென்றாலும், என்ன நடந்தது என்றாவது தெளிவாகும். உன்னுடையது கணக்குப் பேப்பர். லோட் ஃப்ளோ கணக்கில் கடைசி விடை தவறியிருந்தாலும், அதற்கான ஒய்-பஸ் அணியை (மேட்ரிக்ஸை) சரியாக அமைத்திருந்தால் அந்தப் படிக்கு மார்க் கிடைத்திருக்க வேண்டும். படிக்குப் படி மார்க் விழுந்திருக்கிறதா என்பதில்தான் உன் கவனம் முழுக்க இருக்க வேண்டும்.

அடுத்து, அந்தப் பாடத்தை நடத்திய ஆசிரியரிடம் போ. நகலைத் திருத்தி, கேள்விவாரியாக மார்க் பிரித்துப் போட்டு மறுமதிப்பீட்டுக்குப் பரிந்துரைப்பது அவர் வேலை என்று விதிமுறையிலேயே இருக்கிறது. அவரிடம் நீ சலுகை கேட்கவில்லை. “எனக்கு நிறைய வரும்னு நினைச்சேன் சார்” என்று போகாதே. “14-வது கேள்வியில் இந்த மூன்று படிகளுக்கு மார்க் இல்லை சார்” என்று போ. ‘யுனிவர்சிட்டியோடு மோதல்’ என்ற பயமும் வேண்டாம். பல்கலைக்கழகமே வகுத்த வழி இது. திருத்துபவர் கையில் இருப்பது பதிவு எண்ணுக்குப் பதில் டம்மி நம்பர் போட்ட தாள், அதில் உன் பெயர் இருக்காது.

பணம் கேட்கிற அந்த ஆளைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: அவரோடு இனிப் பேசாதே. 2017 ஏப்ரல்-மே தேர்வின் மறுமதிப்பீட்டில் பணம் வாங்கிக்கொண்டு மார்க் போட்டதாக, அண்ணா பல்கலைக்கழகத்தின் முன்னாள் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் உள்ளிட்டவர்கள் மீது 2018-இல் லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிந்தது. அப்படி ஒரு விசாரணையில் உன் பதிவு எண் வந்தால் பட்டமே கேள்விக்குள்ளாகும். கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கவும் வழியில்லை. கடன் வாங்கி இதைச் செய்தால் அப்பாவுக்குச் செய்கிற துரோகம்.

கல்லூரி வழியே நகல் கிடைக்கவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. திருத்திய விடைத்தாளைத் தேர்வு எழுதியவர் பார்க்கலாம், நகல் பெறலாம் என்று 2011-இல் சி.பி.எஸ்.இ. எதிர் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விண்ணப்பத்துக்கு 10 ரூபாய், பக்கத்துக்கு 2 ரூபாய். திருத்தியவர் பெயரைக் கேட்டால் கிடைக்காது. ஆனால் பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு, அதற்குள் மறுமதிப்பீட்டுத் தேதி முடிந்துவிடும். அதனால் இதை இரண்டாவது வழியாகவே வைத்துக்கொள்.

நீதிமன்றத்துக்குப் போகலாமா என்றால், உன் நிலைமையில் வேண்டாம் என்பேன். விதியில் இடமில்லாத மறுமதிப்பீட்டை நீதிமன்றங்கள் சாதாரணமாக உத்தரவிடுவதில்லை. நீதிபதிகளே விடைத்தாளைத் திருத்துவதும் இல்லை. திட்டவட்டமான முறைகேடோ பாகுபாடோ தெரிந்தால் அது வேறு. யு.ஜி.சி.யின் 2023-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி மாணவர் குறைதீர்க்கும் குழுவிடம் எழுத்தில் கொடுக்கலாம். குழு 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் 15 நாளுக்குள் குறைதீர்ப்பு அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். ‘மார்க் குறைவு’ என்ற மனுவை அவர் ஏற்க மாட்டார். திருத்தப்படாத பக்கம் போன்ற முறைகேட்டை, நகலை இணைத்துக் காட்ட வேண்டும்.

இன்னொன்று. மறுமதிப்பீட்டு முடிவு வருவதற்குள் அரியர் தேர்வுக்குக் கட்டணம் கட்டும் கடைசித் தேதி வந்துவிட்டால், காத்திருக்காமல் கட்டிவிடு. நகலைப் பார்த்து, உன் ஆசிரியரும் சரியாகத்தான் மார்க் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னால், மறுமதிப்பீட்டுக்குச் செலவழிக்காதே. எந்தக் கேள்வியில் எவ்வளவு போனது என்று அந்த நகலிலேயே இருக்கிறது. அங்கிருந்து படிக்கத் தொடங்கு.