சூப்பர்நோவா புத்தகம்: எந்தப் பக்கத்தை முதலில் புரட்டிப் பார்க்க வேண்டும்?

"வெடிக்கும் நட்சத்திரங்களைப் பற்றிய புத்தகங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றனவே, நன்றாக எழுதப்பட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் முதலில் புரட்டுவது நட்சத்திரம் வெடிக்கும் பக்கத்தைத்தான்.

பல புத்தகங்களில் அது நாலே வரி. பெரிய நட்சத்திரத்தின் மையம் இரும்பாகிறது, இரும்பின் அணுக்கருக்களை இணைத்து ஆற்றல் எடுக்க முடியாது, மையம் ஒரு நொடிக்குள் சரிகிறது, உடனே துள்ளி எழுந்து நட்சத்திரத்தைச் சிதறடிக்கிறது. அப்புறம் கோடி சூரியப் பிரகாசம், பிரபஞ்சப் பேரழிவு என்று வர்ணனை. முதல் மூன்று வரியும் சரி. நாலாவதில்தான் விஷயமே இருக்கிறது. மையம் துள்ளும்போது அங்கிருந்து கிளம்பும் அதிர்ச்சி அலை, மேலிருந்து கொட்டிக்கொண்டே இருக்கும் இரும்பின் அணுக்கருக்களை உடைத்து உடைத்தே பலம் இழந்து, 100, 200 கிலோமீட்டருக்குள் நின்றுவிடுகிறது. கணினியில் கணக்குப் போட்டவர்களுக்குப் பல ஆண்டுகள் நட்சத்திரம் வெடிக்கவே மறுத்தது. அந்த அலைக்கு மறுபடி உயிர் கொடுப்பது மையத்திலிருந்து பீறிடும் நியூட்ரினோக்கள் என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். பூமியையே ஊடுருவிப் போய்விடும் துகள், அங்கே அடர்த்தி அவ்வளவு அதிகம் என்பதால் சிறு பங்கு சிக்கிக்கொள்கிறது. அந்தச் சிறு பங்கே போதும். இதைப் பொறுமையாகச் சொல்லி, இன்னும் தீராத சந்தேகங்களையும் ஒளிக்காமல் எழுதுபவரை நம்பி வாங்கலாம்.

அடுத்து 1987-ஐப் பாருங்கள். அந்தப் பிப்ரவரியில் நம் பால்வீதிக்குப் பக்கத்தில் உள்ள பெரிய மெகல்லன் மேகம் என்ற சிறு விண்மீன் மண்டலத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்தது. சிலியின் லாஸ் கம்பானஸ் வானாய்வகத்தில் இயான் ஷெல்டன் தான் எடுத்த புகைப்படத் தட்டில் அதைக் கண்டார். அதே மலையில் வேலை பார்த்த ஆஸ்கார் டுஹால்டே வெறும் கண்ணாலேயே பார்த்திருந்தார். இந்தக் காட்சியை எல்லோரும் அழகாக எழுதிவிடுவார்கள். ஆனால் ஒளிக்குச் சில மணி நேரம் முன்பே நியூட்ரினோக்கள் வந்துவிட்டன: ஜப்பானின் கமியோகாண்டே கருவியில் 11, அமெரிக்காவின் ஐஎம்பி கருவியில் 8 பதிவாயின. இரண்டுமே புரோட்டான் தானாகவே உடைகிறதா என்று தேடிக் கட்டிய கருவிகள். ஏன் முந்தி வந்தன? அதிர்ச்சி அலை நட்சத்திரத்தின் மேற்பரப்பை எட்டிய பிறகுதான் ஒளி வெளிவர முடியும், நியூட்ரினோக்கள் அதற்காகக் காத்திருப்பதில்லை. முன்பு சொன்ன அதே அலை! இந்த இரண்டையும் இணைத்துக் காட்டாத புத்தகத்தில் 1987 வெறும் செய்தியாக நின்றுவிடுகிறது.

எரிபொருள் தீர்ந்த நட்சத்திரத்தின் மிச்சமான வெள்ளைக் குள்ளன் வெடிக்கும் இன்னொரு வகைக்கும் இதே கதிதான். வெள்ளைக் குள்ளனின் நிறைக்கு ஒரு வரம்பு உண்டு என்ற இளம் இயற்பியலாளர் சந்திரசேகரை, 1935-ல் புகழ்பெற்ற வானியலாளர் எடிங்டன் எதிர்த்துப் பேசியது பக்கம் பக்கமாக வரும். சூரியனின் நிறையைப் போல் சுமார் 1.4 மடங்கு என்ற அந்த வரம்பு எதனால் என்பது வராது. நெருக்கப்பட்ட எலெக்ட்ரான்கள் ஒளிவேகத்தை நெருங்கியதும் அவற்றின் அழுத்தத்தால் எடைக்கு ஈடுகொடுக்க முடிவதில்லை. ஒரு பத்தியில் சொல்லிவிடலாமே, ஏன் விடுகிறார்கள் என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பதிப்பு ஆண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். 1987 வெடிப்பின் நடுவே, சரிந்த மையத்தின் மிச்சமாக நியூட்ரான் நட்சத்திரம் இருப்பதற்கு ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் வலுவான தடயம் 2024-ல்தான் வெளியானது. பழைய புத்தகத்தில் அது இருக்காது. மற்றவை நன்றாக இருந்தால் தாராளமாக வாங்குங்கள்.