உடலே பேட்டரி: கடிதம்

அன்புள்ள ஐயா,

காரின் உடலே பேட்டரியாகலாம் என்று எழுதியிருந்தீர்கள். சுவீடன் ஆய்வில் கிலோவுக்கு 30 வாட்-மணி மின்சாரம்தான் சேமிக்க முடிந்திருக்கிறது. நல்ல லித்தியம் செல் 250 தருகிறதே, பிறகு எதற்கு இவ்வளவு பாடு? வண்டி மோதினால் என்ன ஆகும்?

ஒரு பொறியியல் மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

எண்கள் சரி. கோத்தன்பர்க்கின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில் லெய்ஃப் ஆஸ்ப் குழு 2021இல் 24 வாட்-மணியும் 2024இல் 30 வாட்-மணியும் எட்டியது. ஆனால் அதே மூன்றாண்டில் விறைப்பு 25 கிகாபாஸ்கலிலிருந்து 70க்கு ஏறியது. அது அலுமினியத்தின் விறைப்பு. 250 தரும் செல்லைக் கூரையாகப் போட முடியாது. அதைச் சுமக்கவே ஒரு பெட்டி வேண்டும்.

என்னை இழுத்தது மின்பகுளிதான், அதாவது பேட்டரிக்குள் அயனி ஓடும் ஊடகம். இந்த உடல் கார்பன் இழையால் ஆனது. அந்த இழை லித்தியம் அயனியை உள்ளே வாங்கும், மின்சாரம் கடத்தும், இழுவையும் தாங்கும். இழைகளைப் பிணைக்கும் பசையே மின்பகுளியாகவும் இருக்க வேண்டும், அதில்தான் சிக்கல். அது இறுகினால்தான் பாரம் இழைக்கு இழை கைமாறும். நீர்மமாக இருந்தால்தான் அயனி ஓடும். முதுகு தேய்க்கும் பீர்க்கங்கூட்டைச் சோப்புத் தண்ணீரில் நனைத்ததுபோல ஒரு வழி கண்டிருக்கிறார்கள். கூடு பாலிமர், இடுக்கெல்லாம் மின்பகுளி. இரண்டையும் ஒன்றாகக் கலந்து ஊற்றுகிறார்கள். இறுகும்போது பாலிமர் தானே பிரிந்து கூடாகிவிடுகிறது. கூட்டைத் தடிமனாக்கினால் உறுதி கூடும், அயனி திணறும்.

சரி, கணக்குக்கு வருவோம். இந்தப் பொருளில் 100 கிலோ உடல் செய்தால் 3,000 வாட்-மணி, அதாவது 3 யூனிட் மின்சாரம். உங்கள் செல்லில் அதற்கு 12 கிலோ போதும். ஆக, மிச்சமாவது அந்த 12 கிலோவும் அதன் பெட்டியும்தான். காருக்கு இது சிறிய லாபம். ஓடே எடையில் பெரும்பங்காக இருக்கும் மடிக்கணினி, டிரோன் போன்றவற்றில்தான் இது முதலில் வர வேண்டும் என்பது என் எண்ணம்.

மோதினால்? பேட்டரிப் பெட்டி என்றால் கழற்றி மாற்றலாம். இங்கே நசுங்கிய கதவே பேட்டரி. டிங்கரிங் பட்டறையில் தட்டி எடுக்க முடியாது. கார்பன் இழைப் பலகை விரிசல் விட்டால் ஒட்டுப் போட்டு மறுபடி பாரம் தாங்க வைக்க விமானத் துறைக்குத் தெரியும். அந்த ஒட்டுக்குள் அயனியையும் ஓட வைக்க வேண்டும். கடைசி வருட ப்ராஜெக்ட்டுக்கு இதை எடுத்துக்கொள்ளுங்களேன்.