குடும்பஸ்தர் பௌத்தத்தை எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

கேள்வி: 'ஆசையே துன்பத்துக்குக் காரணம்' என்று பள்ளியில் படித்ததோடு சரி. இப்போது புத்தரை ஒழுங்காகப் படிக்க நினைக்கிறேன். ஆனால் எனக்கு மனைவி, குழந்தைகள், வீட்டுக்கடன் எல்லாம் இருக்கிறது. இது துறவிகளுக்கான வழிதானே?

பதில்: உங்கள் கேள்வியைப் புத்தரிடமே ஒருவர் கேட்டிருக்கிறார். அங்கிருந்தே தொடங்குங்கள். கோலியர் குலத்துத் தீகஜாணு என்பவர் அவரிடம் வந்து, 'நாங்கள் பிள்ளைகுட்டிக்காரர்கள். காசிச் சந்தனம் பூசுகிறோம், பூச்சூடுகிறோம், பொன்னும் வெள்ளியும் புழங்குகிறோம். எங்களுக்கு ஏற்றதைச் சொல்லுங்கள்' என்று கேட்கிறார். வீட்டை விட்டு வா என்று புத்தர் சொல்லவில்லை. செய்யும் தொழிலைத் திறமையாக, சோம்பலின்றிச் செய், உழைத்துச் சேர்த்ததைப் பத்திரமாக வைத்துக்கொள், நல்லவர்களோடு பழகு, தராசு பிடிப்பவர் தட்டைக் கவனிப்பதுபோல வரவையும் செலவையும் கவனி என்கிறார். அதற்கு மேல்தான் நம்பிக்கை, ஒழுக்கம், ஈகை, ஞானம் பற்றிப் பேசுகிறார். புத்தரின் உரைத் தொகுப்புகளில் ஒன்றான அங்குத்தர நிகாயத்தின் எட்டாம் பகுதியில் இந்த உரையாடல் இருக்கிறது.

அடுத்து, தீக நிகாயம் என்ற இன்னொரு தொகுப்பில் உள்ள சிகாலோவாத சூத்திரம். ராஜகிருகத்தில் விடிகாலை ஈரத்துணியோடு ஆறு திசைகளையும் கும்பிட்டுக்கொண்டிருந்த சிகாலன் என்ற இளைஞனுக்குச் சொன்னது. கிழக்கு என்பது பெற்றோர், தெற்கு ஆசிரியர், மேற்கு மனைவி மக்கள், வடக்கு நண்பர்கள், கீழே வேலையாட்கள், மேலே துறவிகள் என்று ஒவ்வொருவருக்கும் செய்ய வேண்டியதை விளக்குகிறார். வேலையாளுக்கு அவர் பலத்துக்கேற்ற வேலை, உணவும் கூலியும், நோயில் கவனிப்பு, உரிய நேரத்தில் ஓய்வு கொடுக்க வேண்டும் என்ற பகுதியை நிதானமாகப் படியுங்கள். வருமானத்தை நான்காகப் பிரித்து, ஒரு பங்கை அனுபவித்து, இரண்டைத் தொழிலில் போட்டு, ஒன்றை ஆபத்துக்காகச் சேமிக்கச் சொல்வதும் இதில்தான் வருகிறது.

அப்புறம் சாரநாத்தில் ஐந்து துறவிகளுக்குச் சொன்ன முதல் உரைக்கு வாருங்கள். துன்பம், அதன் காரணம், அது நீங்குதல், நீங்கும் வழி என நான்கு உண்மைகள் அதில் உள்ளன. உங்கள் பள்ளிப் பாடம் இரண்டாவதோடு நின்றுவிட்டது, அதனால்தான் பயம். நான்காவதான எண்வழிப் பாதையில் நல்ல பேச்சும் நேர்மையான பிழைப்பும் அடக்கம். ஆயுதம், மனிதர்கள், இறைச்சி, மது, நஞ்சு ஆகியவற்றை விற்றுப் பிழைக்க வேண்டாம் என்று இல்லறத்தாருக்குத் தனியாகவே சொல்லியிருக்கிறார்.

துறவைத்தான் அவர் உயர்வாக வைத்தார், அதை மறைக்கக் கூடாது. ஆனாலும் வீட்டில் இருப்பவருக்கு அவர் கதவை அடைக்கவில்லை.

புத்தரின் வாக்குகளைப் பாடல்களாகத் தொகுத்த தம்மபதத்தின் 423 பாடல்களை இவற்றுக்குப் பிறகு, நாளுக்கு இரண்டு மூன்றாகப் படியுங்கள். பௌத்தத் தத்துவத்தை நுணுக்கமாக அலசும் அபிதம்ம நூல்களை இப்போது தொட வேண்டாம்.