காணி காட்டப் போகும்போது எதை உடுத்துவது?

அன்புள்ள அக்கா,

ஹட்டனில் காணி விற்கும் ஒரு கந்தோரில் சேர்ந்திருக்கிறேன். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். காணி பார்க்க வருபவர்களை அழைத்துப் போவதுதான் வேலை. சேலை கட்டினால்தான் மரியாதை என்கிறார் மேனேஜர். கொழும்பு ஆட்கள் வருவார்கள், கோட்டும் ஹீல்ஸும் போடு என்கிறாள் கூட வேலை செய்பவள். முதல் சம்பளத்தில் எதை வாங்குவது?

- ஒரு வாசகி, டிக்கோயா

அன்புள்ள தங்கச்சி,

முதலில் அடியில் நல்ல பிடிப்புள்ள சப்பாத்து வாங்குங்கள். மே மாதம் தென்மேல் பருவமழை பிடித்துவிட்டால் உங்கள் பக்கத்து மண் எப்படி வழுக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை, அட்டைக்கடி வேறு. களிசானோ சல்வாரோ, காலுறைக்குள் செருகிவிடுகிற மாதிரி, சேறு தெரியாத கடும் நிறத்தில். துப்பட்டாவை விட்டுவிடுங்கள். ஒரு கையில் குடை, ஒரு கையில் பிளான், துப்பட்டாவைப் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது?

காணி வாங்குகிறவர் ரோட்டில் நின்று பார்த்துவிட்டுப் போகமாட்டார், கீழ் எல்லைக்கல் எங்கே என்பார். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேலேயே நின்று "அதோ அந்த மரத்தடியில்" என்று கை காட்டினால், ஏதோ மறைக்கிறீர்கள் என்றுதான் அவருக்குத் தோன்றும். 10 பேர்ச் காணியில் வீடு கட்ட மட்டமான நிலம் எவ்வளவு, சரிவு எவ்வளவு என்று கூடவே இறங்கி நின்று காட்டுகிறவளைத்தான் நம்புவார். 2014இல் பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்ததை யாரும் மறக்கவில்லை. மண்சரிவு அபாயத்தைப் பார்க்கிற தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி வீடு கட்டக் கிடைக்குமா என்று கேட்பார்கள், அந்தப் பதிலைத் தயாராக வைத்திருங்கள், கோட் பிறகு பார்க்கலாம்.

சேலை வேண்டாம் என்று சொல்லவில்லை. காணி உறுதி எழுத நொத்தாரிசிடம் போகிற நாளில் ஆசையாகக் கட்டுங்கள். தினமும் கட்டு என்கிற மேனேஜரை ஒரு மழைநாளில் கீழ் எல்லைவரை கூட்டிப் போங்கள், அப்புறம் பேசமாட்டார்.

தோட்டத்தில் பிறந்தவள் என்று நான் கேட்காமலே எழுதியிருக்கிறீர்கள். அதை மறைக்கத்தான் கோட் என்றால் காசைக் கரியாக்க வேண்டாம். எந்த ஓடை எப்போது பெருகும் என்று உங்களுக்குத் தெரிகிற அளவு வருகிறவருக்குத் தெரியாது.

இன்னொன்று. அடக்கமாக உடுத்தினால் ஒன்றும் நடக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். புது ஆள் தனியாக வருகிறார் என்றால் அவர் பெயரையும் வாகன இலக்கத்தையும் கந்தோரில் எழுதி வைத்துவிட்டு, துணைக்கு ஒருவரோடு வேறு ஆட்டோவில் போங்கள். ஆட்டோ காசைக் கந்தோரிடமே கேளுங்கள், அது உங்கள் சம்பளத்தில் போகவேண்டிய செலவில்லை.