வயலை விற்க வேண்டாம், முதலில் பியானோ வாங்குங்கள்

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனைக்குக் கீபோர்டு வாசிக்கிறாள். லண்டன் ட்ரினிட்டி கல்லூரி நடத்துகிற இசைத் தேர்வில், எட்டு கிரேடில் ஐந்தாவதை முடித்துவிட்டாள். கச்சேரி செய்கிற பியானோ கலைஞராகத்தான் வருவேன் என்று ஒரே பிடிவாதம். முன்னீர்ப்பள்ளம் பக்கம் இருக்கிற வயலை விற்று வெளிநாட்டுக்கு அனுப்பலாமா என்று யோசிக்கிறேன். "இது சோறு போடுமா?" என்று என் வீட்டுக்காரர் சத்தம் போடுகிறார். என்ன செய்வது?
- ஒரு தாய், பாளையங்கோட்டை

பதில்: அன்புச் சகோதரி, வயலை விற்காதீர்கள். மகளின் திறமையைச் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. இந்த வயதில் அவளுக்குத் தேவை ஒரு நல்ல பியானோவும், பக்கத்தில் உட்கார்ந்து விரலையும் மணிக்கட்டையும் பார்த்துத் திருத்துகிற ஆசிரியரும்தான். வெளிநாடு அப்புறம்.

உங்கள் வீட்டுக்காரர் கேட்டதில் தப்பே இல்லை. மேடை வருமானத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துகிற பியானோ கலைஞர்கள் உலகம் முழுக்கத் தேடினாலும் கொஞ்சம் பேர்தான். பெயர் வாங்கித் தருகிற பெரிய போட்டிகளில் வாசல் குறுகல். போலந்தின் வார்சாவில் 1927-இல் தொடங்கிய ஷோப்பான் பியானோ போட்டி ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான் நடக்கிறது. முப்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அங்கே இடமில்லை. தனிக் கச்சேரி என்றால் ஒன்றரை மணி நேரம், பெரும்பாலும் இசை எழுதிய நோட்டைப் பார்க்காமல் வாசிக்க வேண்டும். வயலின்காரர் தன் வயலினைக் கையோடு கொண்டு போவார். பியானோ கலைஞருக்கோ அந்தந்த அரங்கில் எது நிற்கிறதோ அதுதான். கச்சேரிக்கு முன் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் அதன் குணத்தைப் பிடித்தாக வேண்டும். மற்ற நாளெல்லாம் தனியறையில் மணிக்கணக்கில் பயிற்சி. இதையெல்லாம் மகளிடம் மறைக்காமல் பேசுங்கள். மேடையோடு சேர்த்துப் பாடகர்களுக்குப் பக்கவாத்தியம் வாசிப்பதும் கற்றுக்கொடுப்பதும்தான் இந்தத் துறையில் பெரும்பாலானவர்களின் வாழ்க்கை. அதுவும் கௌரவமான பிழைப்புதான்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த ஞாயிறு ஆராதனைதான். நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். பாமாலைப் பாட்டுகளை சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று மேலிருந்து கீழாக நான்கு குரலாக நோட்டைப் பார்த்து வாசிக்கிற பிள்ளை, ஜெர்மன் இசைமேதை பாஹ் இருந்த வீட்டின் திண்ணையில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறாள். அவர் 1723 முதல் 1750-இல் இறக்கும்வரை லைப்சிக் நகர ஆலயங்களின் இசைப் பொறுப்பில் இருந்தவர். சபை பாடுகிற லுத்தரன் மெட்டுகளுக்கு நான்கு குரல் அமைப்பதுதான் அவர் ஓயாமல் செய்த வேலை. ஆகவே இன்றே ஒன்று சொல்லுங்கள்: சுருதியைத் தானாக ஏற்றி இறக்குகிற ட்ரான்ஸ்போஸ் பட்டன் கீபோர்டில் இருக்கிறதே, அதை அவள் தொடக் கூடாது. சபைக்குச் சுருதி எட்டவில்லை என்றால், அரை சுரம் இறக்கி விரலாலேயே வாசிக்கட்டும். டெனரை மட்டும் வாசித்துக்கொண்டே ஆல்டோவைப் பாடிப் பழகட்டும். முதலில் தடுமாறுவாள். கிரேடு தேர்வுக்கு மூன்று உருப்படிகளைத் தேய்த்துத் தேய்த்துப் பழகுவதில் கிடைக்காத காது இதில் கிடைக்கும்.

ரிக்டர் என்ற பெரிய பியானோ கலைஞரின் அப்பா ஒடெசாவில் ஓர் ஆலயத்தில் ஆர்கன் வாசித்தவர். மகன் பெரும்பாலும் தானாகவே கற்று, அந்த ஊர் ஆப்பெரா அரங்கில் பாடகர்களுக்கு ஒத்திகை வாசித்துக்கொண்டிருந்தார். 22 வயதில்தான் மாஸ்கோவுக்குப் போய் நெய்ஹவுஸ் என்ற பியானோ ஆசிரியரிடம் சேர்ந்தார். அவரைப் போல் எல்லோருக்கும் அமையாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் கூட்டத்தோடு சேர்ந்து வாசித்த வருடங்கள் வீணாகாது.

சரி, வாத்தியத்துக்கு வருவோம். 61 கட்டைக் கீபோர்டில் எட்டாவது கிரேடை எட்ட முடியாது. பியானோவுக்கு 88 கட்டைகள். ஒவ்வொன்றையும் அழுத்த ஏறக்குறைய 50 கிராம் எடை வேண்டும். அந்த எடையில் பழகாத விரல் மேடையில் சோர்ந்துவிடும். மரப் பியானோ வாங்க முடிந்தால் நல்லது. ஆனால் நம் ஊர் கோடையில் மரம் காயும், ஐப்பசி மழையில் உப்பும், கட்டை மாட்டிக்கொள்ளும். வருடத்துக்கு இரண்டு முறையாவது ட்யூன் செய்ய வேண்டும். அதற்கு ஆள் வெளியூரிலிருந்து வர வேண்டியிருக்கலாம். அந்தச் செலவு கட்டாது என்றால், எடைக் கட்டை உள்ள டிஜிட்டல் பியானோ இப்போதைக்குப் போதும்.

பிளஸ் டூவைக் கைவிட வேண்டாம். அதற்குள் எட்டாவது கிரேடு முடியட்டும். பிறகு சென்னையில் ஏ.ஆர். ரஹ்மான் 2008-இல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியை விசாரிக்கலாம். ஜெர்மனி என்றால், அங்குள்ள அரசு இசைக் கல்லூரிகள் வாசிக்கச் சொல்லிக் கேட்டுத்தான் ஆள் எடுக்கும். பல மாநிலங்களில் கல்விக் கட்டணம் கிடையாது; தங்கும் செலவுக்கும் ஜெர்மன் மொழிக்கும் தயாராக வேண்டும். கல்லூரி அவளை எடுத்துக்கொண்டால், அன்று வயலைப் பற்றி இருவரும் உட்கார்ந்து பேசுங்கள்.

இன்னொன்று, இதை அலட்சியம் செய்யாதீர்கள். லியான் ஃப்ளைஷர் என்ற அமெரிக்கப் பியானோ கலைஞருக்கு 1960-களில், முப்பத்தைந்து வயதைச் சுற்றி, வலதுகை விரல்கள் தாமாகவே மடங்கிக்கொண்டன. பல வருடங்கள் இடதுகைக்கு எழுதிய இசையை மட்டும் வாசித்தார், பாடம் நடத்தினார். நரம்புச் சிக்கல் அது. வலியோடு வாசித்தால்தான் தேறலாம் என்று யாராவது சொன்னால் மகள் நம்பக் கூடாது. மணிக்கட்டு வலித்தால் அன்றைக்குப் பியானோவை மூடட்டும். இரண்டு மூன்று நாளில் தீராவிட்டால் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.