பஸ் டிரைவர் பயிற்சி பலன் தந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கேள்வி: எங்களிடம் 40 டவுன் பஸ்கள் ஓடுகின்றன. போன வருடம் 11 விபத்துகள். டிரைவர்கள் எல்லோருக்கும் இரண்டு நாள் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்தோம். இந்த வருடம் 7 விபத்துகள்தான். அடுத்த வருடமும் இதற்குப் பணம் போடலாமா?

பதில்: 11 என்பது 7 ஆனதை வைத்து முடிவெடுக்காதீர்கள். இவ்வளவு சின்ன எண்கள், நாம் எதுவுமே செய்யாவிட்டாலும் இந்த அளவுக்கு ஏறி இறங்கும். அதிலும் மோசமான வருடத்துக்குப் பிறகுதான் பயிற்சி ஞாபகமே வரும். அடுத்த வருடம் தானாகவே கொஞ்சம் குறைவதும் சகஜம். ஓடிய தூரத்தையும் சேர்த்து, லட்சம் கிலோமீட்டருக்கு எத்தனை விபத்து என்று பாருங்கள்.

பயிற்சி முடிவில் வைக்கும் எழுத்துத் தேர்வை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. விதி தெரியாமலா சிக்னலைத் தாண்டுகிறார்கள்?

அடுத்த முறை எல்லோரையும் ஒரே சமயத்தில் அனுப்ப வேண்டாம். சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேரை முதலில் அனுப்புங்கள், மீதிப் பேரை ஆறு மாதம் கழித்து. அதுவரை இரண்டு குழுவையும் ஒப்பிடலாம். ஜிபிஎஸ் கருவி இருந்தால் திடீர் பிரேக், அதிவேகம் இரண்டையும் 100 கிலோமீட்டருக்கு எத்தனை என்று எடுக்கலாம். டிரைவர்களுக்கு முகம் தெரியாத ஒருவரைப் பயணியாக ஏற்றிவிடுங்கள்: ஸ்டாப்பில் ஓரம்கட்டி நிறுத்துகிறாரா, படியில் ஆள் நிற்கும்போதே வண்டியை எடுக்கிறாரா, போன் பேசுகிறாரா. பயிற்சிக்கு முன்பும், ஒரு மாதம் கழித்தும், ஆறாவது மாதமும், அதே ரூட், அதே நேரம். ஒர்க்‌ஷாப் பதிவேட்டில் உள்ள கண்ணாடி உடைசல், பக்கவாட்டு உரசல்களையும் எண்ணுங்கள். போலீஸ் வழக்கு வரை போகாத இவைதான் எண்ணிக்கையில் அதிகம்.

லைசென்ஸ் வாங்கியவர்களுக்குத் தரும் பயிற்சி பற்றிய ஆய்வுகளைத் தொகுத்த 2003ஆம் ஆண்டு காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் சர்வதேச அமைப்பு) மதிப்பாய்வு, அது விபத்தைக் குறைப்பதற்குச் சான்று இல்லை என்றே சொன்னது. ஆனால் ஸ்வீடன் தொலைபேசி நிறுவனத்தின் டிரைவர்களிடம் நடந்த ஆய்வொன்றில் (1996ல் வெளியானது) ஓட்டுநர் பயிற்சி, குழு விவாதம், பிரசாரம், போனஸ் நான்கையும் ஒப்பிட்டார்கள். விபத்தை அதிகம் குறைத்தது, டிரைவர்கள் தங்களுக்குள் உட்கார்ந்து பேசி, என்ன மாற்றிக்கொள்வது என்று தாங்களே முடிவுசெய்த குழு விவாதம். செலவும் குறைவு, முயன்று பாருங்கள்.

இன்னொன்று, டைமிங், அதாவது ஒரு ட்ரிப்புக்கு ஒதுக்கும் நேரம். பின்னால் வரும் பஸ் ஆளை அள்ளிவிடும் என்ற பயமும் கலெக்‌ஷன் பேட்டாவும் (வசூலைப் பொறுத்துத் தரும் தொகை) இருக்கும்வரை எந்த வகுப்பும் மனதில் நிற்காது. நெருக்கடியான ஒரு ரூட்டில் ட்ரிப்புக்கு ஐந்து நிமிடம் கூட்டிக் கொடுத்து, திடீர் பிரேக் கணக்கை மறுபடி எடுங்கள். பயிற்சி பெற்ற குழுவைவிட அங்கே அதிகம் குறைந்தால், பணத்தை டைமிங்கில் போடுங்கள்.