“அது உன் பாடு” என்று சொன்னது யார்?

கேள்வி: ஐயா, ஸ்தோத்திரம். 12 வருஷத்துக்கு முன் பச்சைத் தேயிலை எடை போடும் இடத்தில் கணக்கு எழுதினேன். மழை நாளில் ஈரத்துக்காக எடையில் கழிப்பது வழக்கம். நான் வெயில் நாளிலும் மூட்டைக்கு 2 கிலோ கழித்தேன், அந்தக் காசு எனக்கு வந்தது. பிறகு மனந்திரும்பி, ஆண்டவரிடம் அழுது மன்னிப்புக் கேட்டு, வேலையையும் விட்டேன். ஆனாலும் திருவிருந்துக்குப் போனால் கை நடுங்குகிறது. மகளுக்கு வரன் தட்டிப்போகும் போதெல்லாம் ‘எல்லாம் உன் பாவம்தான்’ என்று உள்ளே கேட்கிறது. இது ஆவியானவர் உணர்த்துவதா, பிசாசின் குற்றச்சாட்டா?
- பெயர் வேண்டாம், கோத்தகிரி

பதில்: சகோதரரே, இரண்டும்தான். உங்கள் கடிதத்தில் இரண்டும் ஒரே மூட்டையில் கிடக்கின்றன.

வரன் விஷயத்தை முதலில் தள்ளிவைப்போம். குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18:20 சொல்கிறது, மகளுக்கும் அதேதான். அந்தக் குரல் ஆவியானவருடையது அல்ல. ரோமர் 8:1-ல் ‘ஆக்கினைத்தீர்ப்பு’ என்று வருகிறதே, நாம் வாய்ப்பாடு மாதிரி சொல்லிவிட்டுப் போகிற வார்த்தை, அது குற்றவாளி என்று முடிவுகட்டித் தண்டனை எழுதிவிட்ட தீர்ப்பு. கிறிஸ்துவுக்குள் இருக்கிறவனுக்கு அது இல்லை.

ஆனால் யோவான் 16:8-ல் ஆவியானவர் ‘கண்டித்து உணர்த்துவார்’ என்றும் இருக்கிறது. தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டுகிறவர் (கிளைகளைக் கழிப்பவர்) எந்த உயரத்தில் வெட்டுவது என்று பார்த்துத்தான் கத்தியை வைப்பார், உறைபனி அப்படியா, விழுந்த இடத்தில் செடி செடியாகக் கருக்கிவிட்டுப் போய்விடும். ‘நீயே மோசம், உன் குடும்பமே விளங்காது’ என்பது பனி. ‘வெயில் நாளில் 2 கிலோ’ என்பது கத்தி. கை நடுக்கத்தில் பனியும் இருக்கலாம், ஆனால் இந்த 2 கிலோவைப் பிசாசின் கணக்கில் எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள், இலை பறித்த அந்தப் பெண்களிடம் கேட்டதாக ஒரு வரிகூட இல்லை. (உபவாசக் கூட்டத்தில் அழுவது நமக்குச் சுலபம், ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டுவதுதான் கஷ்டம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.)

எண்ணாகமம் 5:7 முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் தருகிறேன் என்றான். மன்னிப்பை விலைக்கு வாங்க அல்ல, இயேசு அவன் வீட்டுக்குள் வந்துவிட்ட சந்தோஷத்தில்.

காசைத் திருப்பிக் கொடுத்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், யூதாஸும் இயேசுவைக் காட்டிக்கொடுத்து வாங்கிய 30 வெள்ளிக்காசைத் திருப்பிக் கொண்டுபோனவன்தான். மனஸ்தாபப்பட்டான், ‘பாவஞ்செய்தேன்’ என்று வாய்விட்டுச் சொன்னான். ஆனால் போனது பிரதான ஆசாரியரிடம். அவர்கள் சொன்ன பதில், ‘எங்களுக்கென்ன, அது உன் பாடு.’ ஆக்கினைத்தீர்ப்பு பேசினால் இப்படித்தான் பேசும், உங்கள் குற்றத்தை உங்கள் கையிலேயே திணித்து வெளியே அனுப்பிவிடும். பேதுருவும் இயேசுவைத் தெரியாது என்று மூன்று தடவை மறுதலித்துவிட்டு மனங்கசந்து அழுதவன்தான். அவனுக்கு என்ன நடந்தது? உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் காத்திருந்தார், கரிநெருப்பு, மீன், அப்பம், ‘வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்’. சாப்பிட்டு முடித்த பிறகுதான் ‘என்னை நேசிக்கிறாயா’ என்ற கேள்வி, அதுவும் மூன்று தடவை. மூன்றாந்தரம் கேட்டபோது பேதுரு துக்கப்பட்டான் என்றே எழுதியிருக்கிறது, வலிக்காமல் இல்லை. ஆனால் கேட்டவர் அவனை விரட்டவில்லை, ‘என் ஆடுகளை மேய்ப்பாயாக’ என்று வேலை கொடுத்தார்.

அதனால் திருவிருந்தை விட்டுவிடாதீர்கள், கை நடுங்கினாலும் போங்கள். அப்புறம், அந்தப் பெண்களில் யார் யார் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். இறந்துபோனவர் இருந்தால் பிள்ளைகளிடம் கொடுங்கள். சரியான தொகை இப்போது ஞாபகம் இருக்காது, குத்துமதிப்பாகப் போட்டு, சந்தேகம் வந்தால் அவர்கள் பக்கம் கூட்டிப் போடுங்கள். அவர்களில் வயதில் மூத்தவர் வீட்டுக்கு முதலில் போங்கள், மகளின் வரன் பேச்சை அங்கே எடுக்க வேண்டாம்.